மை படாத விரல்

“ஏட்டி, விரலைக் காட்டு.”

ஷமீம் பானு தன் நாத்தனார் ஜன்னத்தின் இடது கையைப் பற்றி இழுத்தாள். ஓடைக்கரையில் கறுப்புக் கொடிகளுக்குக் கீழே நின்ற ஊரே அந்தக் கையைப் பார்த்தது. விரலில் மை இல்லை.

“பப்பாளிப் பாலைத் தேச்சு அழிச்சிருப்பா,” என்றான் இசக்கி. “வாக்குச்சாவடிப் பின்வாசல் வழியா இவ வெளிய வந்ததை நான் பாத்தேன்.”

கடையத்துக்கு அப்பால் இருந்த அந்த ஊர், நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணிப்பதாகக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் சத்தியம் செய்திருந்தது. ஓடைக்குப் பாலம் கட்டுகிறேன் என்று ஓட்டு வாங்கி ஜெயித்தவர், சீசன் தவறாமல் ஐந்தருவிக்குக் குளிக்க வந்தார்; இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுக்களுக்கும் பதில் இல்லை. போன மழையில் ஆம்புலன்ஸ் அக்கரையிலேயே நின்றுவிட, நயினாரின் மனைவி அனுசியா பிரசவ வலியோடு இக்கரையில் செத்துப்போனாள்.

ஒரு ஓட்டுகூட விழக்கூடாது, அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தாவது டெல்லி நம் பக்கம் திரும்பட்டும் என்றவன் நயினார்தான். காலையிலிருந்து சாவடிக்குப் போகும் பாதையை மறித்து நின்றார்கள். மத்தியானம் வந்த சாப்பாட்டு வேனுக்கு மட்டும் வழி விட்டார்கள். அதிகாரிகளைப் பட்டினி போடுவது பாவமாம். நாலு பேருக்குச் சோறு பரிமாற ஒரு வேன் ஆளா என்று இசக்கி கேலிகூடச் செய்தான்.

நயினார் முன்னால் வந்தான்.

“ஒத்த ஓட்டு விழுந்தாலும் அவனுவ சிரிப்பானுவ, ஜன்னத். அவ செத்தது வீணாப் போச்சே. எவன் சொல்லிப் போன?”

ஜன்னத் கையை உதறினாள். “எவனும் சொல்லல. எவனுக்கும் இல்லனு நோட்டாவுல அமுக்கிட்டு வரத்தான் போனேன். நம்ம கோவம் அந்த மெஷின்லயாவது ஏறட்டும்னு நெனச்சேன்.”

“அப்ப போட்டுட்ட.”

“போட விடல. என் ஓட்டு மத்தியானமே விழுந்துட்டாம். நம்பாம ஒவ்வொரு பேராக் கேட்டேன். எல்லாரோடதும் விழுந்துட்டாம்.”

இசக்கி தன் விரலைத் தானே பார்த்துக்கொண்டான்.

நயினார் இன்னும் ஒரு அடி கிட்டே வந்தான். “என்னோடதுமா?”

ஜன்னத் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அனுசியா மைனியோடதும், அண்ணாச்சி.”