மூத்தவர் முதலில்

"செல்போனையெல்லாம் வெளியில இருக்கிற கூடையில போட்டுட்டு வாங்க. அப்பதான் நான் வாயைத் திறப்பேன்" என்றார் செனட்டர் லொரேன் டன்லப்.

மற்ற இரண்டு செனட்டர்களும் போட்டுவிட்டு வந்தார்கள். செனட் கட்டிடத்தில் லொரேனுக்கு ஒதுக்கிய, பெயர்ப்பலகை இல்லாத தனியறை அது. லொரேனுக்கு இருபத்தெட்டு வருட சர்வீஸ் என்பதால் அறைக்கு ஜன்னல் இருந்தது. அந்த இருவரில் மூத்தவரான மில்ட் கேரவே கேன்டீனிலிருந்து பீன்ஸ் சூப்பைக் கிண்ணத்தோடு எடுத்து வந்திருந்தார். பதினாறு வருடமாக அவருக்கு மதியம் அதுதான்.

"மூணு மணிக்குப் பிரசிடெண்ட் நம்ம மூணு பேரையும் வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கார். ஒண்ணு கேப்பாராம், ஒளிவுமறைவில்லாம சொல்லணுமாம்" என்றார் லொரேன்.

"வேறென்ன கேக்கப் போறார்? நவம்பர் தேர்தல்ல என் பக்கம் நிக்கிறீங்களா, இல்லையான்னு கேப்பார். இல்லைன்னா தொலைஞ்சோம்" என்றார் மில்ட்.

"போன வாரம் என்கிட்ட கோதுமை மசோதாவைப் பத்தி அப்படித் திட்டினார் மனுஷன். எவன்யா இதைக் கொண்டு வந்தான்னார். சார், நாமதான் கொண்டு வந்தோம், நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்கன்னேன். அப்படியான்னு கேட்டுட்டு, மீன் பிடிச்ச கதையை ஆரம்பிச்சுட்டார்" என்றார் லொரேன்.

"பெரிய மீனா?"

"ஒவ்வொரு தடவையும் அரை அடி வளருது."

யாரும் சிரிக்கவில்லை. மூவரில் இளையவர் ஹார்லன் குவிக்லிக்குச் சிரிக்கிற நிலைமையும் இல்லை. அதே நவம்பரில் அவருடைய செனட் இடத்துக்கும் தேர்தல்; கருத்துக்கணிப்பில் ஒன்பது புள்ளி பின்னால் இருந்தார்.

"வாக்குச்சீட்டுல மேல அவர் பேரு, கீழ என் பேரு. அவரைப் பார்த்ததுமே ஜனங்க எதிர்க்கட்சிக்குக் குத்திட்டுப் போறாங்க. அவர் நின்னா நான் காலி. அவர் ஒதுங்கிட்டு துணைப் பிரசிடெண்ட் நின்னா நான் பொழச்சேன். யாராவது ஒருத்தர் அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

"யார் சொல்றது?"

செனட்டில் அறை, நாற்காலி, கமிட்டி எல்லாமே பதவி மூப்பின்படிதான் கிடைக்கும். நல்லதெல்லாம் மூத்தவருக்கு. இது நல்லது இல்லை என்பதால் இளையவர்தான் என்று இரண்டு மூத்தவர்களும் ஒரே நிமிடத்தில் முடிவு செய்தார்கள்.

"சரி, நானே சொல்றேன். 'போதும் சார், கௌரவமா ஒதுங்கிக்குங்க.' அவ்வளவுதானே? ஆனா நீங்க ரெண்டு பேரும் ஆமாம்னு தலையாட்டணும். அங்க வந்து கழுத்தறுக்கக் கூடாது."

"சத்தியமா ஆட்டறேன்யா" என்றார் மில்ட், சூப்பை வழித்துக்கொண்டே.

மூன்று மணிக்கு வெள்ளை மாளிகையின் மாடியில் பிரசிடெண்ட் ஹோல்கம் அவர்களை வரவேற்றார். நடை முழுக்க அட்டைப் பெட்டிகள். சுவரில் குடும்பப் படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சதுரங்கள்.

"பார்த்தீங்களா, பெயின்ட் அடிக்கப் போறாங்க" என்று ஹார்லனின் காதோடு முணுமுணுத்தார் லொரேன். "புது சாமான் வேற வந்து இறங்கியிருக்கு. மனுஷன் நகர்ற மாதிரியே இல்ல."



பிரசிடெண்ட் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "சுத்தி வளைக்கல. ஒரே கேள்விதான். நான் இருக்கணுமா, போகணுமா? மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க."

ஹார்லன் தொண்டையைச் செருமினார்.

"இருப்பா. நம்ம வழக்கப்படி மூத்தவங்க முதல்ல. லொரேன், நீ சொல்லு" என்றார் பிரசிடெண்ட்.

லொரேன் இதை எதிர்பார்க்கவில்லை. தலையாட்ட மட்டுமே தயாராக வந்தவர். இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் வாய் தானாகவே திறந்தது. "நீங்க இல்லாத கட்சியை என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியல சார்."

"மில்ட்?"

"இந்த நேரத்துல நீங்க போனா நாடு தாங்காது சார். நீங்க மூணு மாசம் லீவு போட்டாலே தாங்காது."

"ஹார்லன்?"

ஹார்லன் இருவரையும் பார்த்தார். ஒருவர் ஜன்னலைப் பார்த்தார், மற்றவர் தன் ஷூவைப் பார்த்தார். தலை எதுவும் ஆடவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால், சொன்ன ஒரே ஆள் என்று ஆயுசுக்கும் பெயர் நிற்கும். ஒன்பது புள்ளி பதினெட்டாகும்.

"என் மாநிலத்துல எங்க போனாலும் உங்களைப் பத்திதான் சார் பேச்சு. இருங்க சார்" என்றார்.

பிரசிடெண்ட் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"நல்லா யோசிச்சுத்தான் சார்."

கை குலுக்கி அனுப்பி வைத்தார். படி இறங்கும்போது ஹார்லன் பல்லைக் கடித்தார். "கழுத்தறுக்க மாட்டோம்னு சொன்னீங்களே."

"நீ சொல்லுவேன்னு நம்பித்தான்யா நாங்க அப்படிச் சொன்னோம்" என்றார் மில்ட்.

மாடியில், பக்கத்து அறையிலிருந்து பிரசிடெண்டின் மனைவி ஜூடித் கையில் பேக்கிங் டேப்போடு வந்தார். "சொன்னாங்களா? ஒருத்தராவது?"

பிரசிடெண்ட் சட்டைப் பையிலிருந்து தன் ராஜினாமாக் கடிதத்தை எடுத்தார். இரவு எட்டு மணிக்கு டிவியில் படிப்பதாக இருந்த கடிதம்.

"எனக்கே என்மேல சந்தேகமாத்தான் இருந்தது, ஜூடித். ஒருத்தர் 'போதும்'னு சொல்லியிருந்தாக்கூட ராத்திரியே ஏரிக்கரை வீட்டுக்குக் கிளம்பியிருப்போம்" என்றபடி அதை நாலாகக் கிழித்தார். "பெட்டியையெல்லாம் பிரிக்கச் சொல்லு. நவம்பர்லயும் நானே நிக்கிறேன்."