காலி மனையில் நெல்

விளக்கைப் போட்டதும் மூன்றாவது வரிசையிலும் கோடு ஒளிர்ந்தது.

தேவதர்ஷினிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் கோடு அழிந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு மாதமாக வேறு வேறு நெல்லை வைத்து, அந்த மரபணுச் சோதனை ஜெல்லின் மூன்றாவது வரிசையில் வெறும் இருட்டைப் பார்த்தவள்.

முதல் வரிசை, வெள்ளம் தாங்கும் என்று பெயர் வாங்கிய நெல். அதில் கோடு இருந்தே தீரும். இரண்டாவது, கடையில் வாங்கிய சாதாரண விதைநெல். அதில் ஒன்றுமில்லை.

மூன்றாவது அவள் கொண்டுவந்தது. முடிச்சூரில், அப்பாவுடைய காலி மனையில், யாரும் விதைக்காமல் தானாக முளைத்துக் கிடந்த நெல்.

டிசம்பர் மழையில் அந்த மனை முழுகிப்போனது. தண்ணீர் வடிந்தபோது புல் பூண்டெல்லாம் அழுகி நாறியது. நெல் மட்டும் உடம்பெல்லாம் சேறாக, பச்சை மாறாமல் நின்றது. அதில் ஓர் இலையைக் கிள்ளி டிபன் பாக்ஸில் வைத்துத் தாம்பரம் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

கைடு பிளஸ்ஸி மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றி மறுபடியும் துடைத்தார்.

"இந்த ஜீன் இருக்கற பயிர் தண்ணிக்குள்ள மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சும்மா கெடக்கும் தர்ஷினி. வடிஞ்சதும் எழுந்துக்கும். இது மட்டும் யார்கிட்டயும் இல்லாத ரகமா இருந்தா..."

முடிக்கவில்லை. அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் போன் அடித்தது. அப்பா.

"தேவி, முடிச்சூர் மனையோட பத்திரம் ஜெராக்ஸ் எங்கம்மா வெச்ச?"

அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

"அப்பா! நம்ம மனையில கழுத்தளவு தண்ணி, பதினாலு நாள் நின்னுச்சு இல்ல? வருஷா வருஷம் நிக்குது இல்ல? அதனாலதாம்ப்பா அந்த நெல்லு இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்சிருக்கு! அது மனையே இல்லப்பா, ஏரிப்பா அது!"

மறுமுனையில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேம்மா," என்றார் அப்பா ஏகநாதன் மெதுவாக.

அவருக்குப் பின்னால், மனை வாங்க வந்தவரின் குரல் ரொம்ப மரியாதையாக ஒலித்தது.

"அப்போ, வீட்ல கலந்துகிட்டு சொல்றோம் சார்."