கார்பன் இருக்கா?

அந்தப் பெண் மேனேஜர் அறைக்குள் போனாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

டி.வி.யில்தான். எழுபதுகளில் நடக்கிற கதையாம். உன் காலத்து ஆபீஸ்மா, சேர்ந்து பார்க்கலாம் என்று மகள் இந்துமதி சொல்லிக்கொண்டே இருந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அதற்கு வேளை வந்தது.

மகளுக்குப் பக்கத்தில் அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். டைப்ரைட்டர். மேஜை விசிறி. தண்ணீர்க் கூஜா. அந்தப் பெண்ணின் பின்னலில் கனகாம்பரம்கூட இருந்தது. பாவம், பார்த்துப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கடிதத்தைச் சொல்லிக்கொண்டே அந்தப் பெண்ணின் முதுகுப் பக்கம் போனான்.

கதவைத் தட்டுங்கடி.

யாரும் தட்டவில்லை.

அந்தப் பெண் எழுதுவதைக் குனிந்து பார்க்கிற சாக்கில் தோளில் கை வைத்தான்.

இன்னுமா தட்டவில்லை? வெளியே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, எல்லோரும் என்ன பிடுங்குகிறார்கள்? அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கேமரா ஒருமுறை வெளியே போய்ப் பார்த்தது. அத்தனை பெண்களும் தலையைக் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பொய். சுத்தப் பொய்.

திருச்சியில் அவள் வேலை பார்த்த இரும்புக் கம்பெனியில் ஒருத்தி டிக்டேஷனுக்கு உள்ளே போனால், மற்றவர்களின் கை டைப் அடிக்கும். காது கதவில் இருக்கும். மேனேஜரின் குரல் நின்றால் போதும். யாராவது ஒருத்தி எழுந்து போய்த் தட்டுவாள்.

சார், கார்பன் இருக்கா?

கார்பன் பேப்பர் ஸ்டோர் ரூமில் இருந்தது. மேனேஜரிடம் ஏது? அது அந்த ஆளுக்கும் தெரியும். ஆனால் கதவு திறந்துவிட்டதே. உள்ளே இருப்பவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, இதோ எடுத்துத் தர்றேன் என்று வெளியே வந்துவிடுவாள்.

இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வெளியே வந்தவளிடம் எதுவும் கேட்டதும் இல்லை. மத்தியானம் அவள் தட்டில் கொஞ்சம் கூடுதலாகப் புளிசாதம் விழும், அவ்வளவுதான்.

அவர்களில் எமல்டா தட்டினால் கதவே பெயர்ந்துவிடும். நல்ல மனுஷி. போன தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி இதையெல்லாம் நினைவு வைத்துக்கொள்ளத் தன்னை விட்டால் ஆள் இல்லை.

"எப்டிம்மா நீங்கள்லாம் இதைப் பொறுத்துக்கிட்டு இருந்தீங்க? நானா இருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன்" என்றாள் மகள்.

சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கதவைத் தட்டியதை மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. தான் உள்ளே இருந்ததையும் சொல்ல வேண்டும். அவள் புருஷனிடம்கூட அதைச் சொன்னதில்லை. அவர் சாகும் வரைக்கும் சொல்லவில்லை.

"அப்பல்லாம் அப்படித்தான்" என்றாள்.

மகள் உச்சுக்கொட்டினாள். அதில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. அவளுக்கு வலித்தது.

மகளின் போன் அடித்தது. ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டான்கள் என்று முனகிக்கொண்டே படத்தை நிறுத்திவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

திரையில் அந்தக் கை தோளிலேயே நின்றுவிட்டது.

ஹாலில் அவளும் அந்தக் கையும்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் தோளை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டாள்.

உள்ளே மகள் பேசுவது கேட்டது.

"காலையிலயே அனுப்பிட்டேன் சார்."

பிறகு,

"கேமரா எதுக்கு சார்? வீட்ல இருக்கேன் சார்."

பிறகு ஒரு சிரிப்பு.

இந்துவின் சிரிப்பு அவளுக்குத் தெரியும். சிரித்தால் பக்கத்து வீட்டில் திட்டுவார்கள். இது அது இல்லை. தொண்டையிலேயே நின்றுவிட்ட சின்னச் சிரிப்பு. இதை அவள் வேறு இடத்தில் கேட்டிருக்கிறாள். கேட்டது மட்டுமா? சிரித்தும் இருக்கிறாள்.

"ஐயோ, அதெல்லாம் வேணாம் சார்."

திரும்பவும் அதே சிரிப்பு.

பிறகு மகளின் குரல் நின்றது.

எப்போது எழுந்தாள், எப்படி அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியாது. கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எதைக் கேட்பது? காபி போடட்டுமா என்று கேட்டிருக்கலாம். பால்காரர் வந்திருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே தோன்றவில்லை.

முஷ்டியை மடக்கிக் கதவு அதிரத் தட்டினாள்.

"இந்து, கார்பன் இருக்கா?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

போச்சு. கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கப்போகிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போது மகளின் குரல் கேட்டது. அந்தப் பக்கத்து ஆளுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டது.

"இதோ எடுத்துத் தர்றேன்மா! சார், அம்மா கூப்பிடறாங்க, வச்சிடறேன் சார்."

லேப்டாப்பைப் படாரென்று மூடும் சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. மகளின் முகம் வெளுத்திருந்தது. நைட்டியின் மேல் துப்பட்டாவை இழுத்துப் போட்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கார்பன் எதற்கு என்று கேட்கவில்லை.

அவள் மகளின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து சோபாவில் உட்கார வைத்தாள். டி.வி.யை அணைத்தாள்.

"எங்க ஆபீஸ்ல எமல்டான்னு ஒருத்தி இருந்தா" என்று ஆரம்பித்தாள்.