கரிக்குழல் மருந்து

“எம்மகளுக்குச் சாப்பாடு குடுத்தாச்சா தாயி?”

கப்பலூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் நேராக இங்கேதான் வருவாள் பாண்டியம்மாள். ரெண்டு வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறியதில்லை. கண்ணாடிக் கதவில் மூக்கு ஒட்டுகிறாற்போல் நின்று உள்ளே பார்ப்பாள்.

“காலையிலேயே குடுத்தாச்சும்மா. சூடும் சரியா முப்பத்தேழுல இருக்கு,” என்றாள் காவ்யஸ்ரீ. வில்லாபுரத்துப் பெண். இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு புற்றுநோய் மருந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள்.

“ஒரே ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துட்டு வாரேனே?”

“கிருமி ஒட்டிக்கும்மா. நாங்களே கையுறை இல்லாம கிட்டப் போறதில்ல.”

பாண்டியம்மாள் அதற்குமேல் வற்புறுத்த மாட்டாள். மகள் நாகஜோதிக்கு ஆபரேஷன் நடந்த அன்று, வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே அவள்தான். அன்றிலிருந்து இந்த மருந்தின் கதையெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒரு தலைமுடியை ஆயிரக்கணக்கான இழைகளாகப் பிளந்தால் வருமே, அத்தனை மெல்லிய கரிக்குழல். அதில் மருந்தை அடைத்து அனுப்பினால், நல்ல இடத்தைச் சீண்டாமல் புற்று இருக்கும் இடத்தில் மட்டும் போய் இறக்கிவிடும். முதலில் கேட்டபோது, “அடுப்புல கெடக்குற கரிக்கு இம்புட்டு மவுசா!” என்று சிரித்துக்கூட இருக்கிறாள்.

இன்று காவ்யஸ்ரீக்கு முகமெல்லாம் பல்.

“அம்மா, மருந்து வேலை செஞ்சிருச்சு! நாகஜோதியோட புத்துல ஒரு செல்கூட மிச்சமில்ல. நல்ல செல்லுக்கு ஒண்ணுமே ஆகல!”

பின்னாலிருந்து கூட வேலை செய்பவர்கள் கைதட்டினார்கள். யாரோ லட்டை நீட்டினார்கள். இனி எத்தனை வீட்டுப் பிள்ளைகள் பிழைக்கும்! அது பாண்டியம்மாளுக்கும் புரிந்தது. ஆனாலும் லட்டை வாங்கக் கை நீளவில்லை.

“ஒண்ணுகூடவா இல்ல?”

“ஒண்ணுகூட இல்லம்மா. நீங்களே உள்ள வந்து பாருங்க. இனிமே கிருமிக்குப் பயப்பட வேணாம்.”

காவ்யஸ்ரீ எடுத்துக் காட்டியது, அந்தக் கட்டித் துண்டின் செல்களை இத்தனை நாள் ஊட்டி வளர்த்த, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கண்ணாடிக் கிண்ணம். கொஞ்சம் சிவப்புத் தண்ணீர், அடியில் தூசு மாதிரி ஏதோ. பாண்டியம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அடுத்த நொடி பொங்கிப் பொங்கி அழ ஆரம்பித்தாள்.

காவ்யஸ்ரீ பதறிப்போனாள். “என்னம்மா இது, சந்தோஷப்பட வேண்டிய நேரத்துல?”

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தத்தனேரி சுடுகாட்டுல அவள எரிச்சப்பகூட, ஒரு துளி உசுரு இங்க இருக்குன்னு மனசத் தேத்திக்கிட்டேன் தாயி.”

கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“இன்னைக்குத்தான் எம்மக செத்துருக்கா.”