கதவிடுக்கில் நீல வெளிச்சம்

இன்னும் பிரகாசமான விளக்கு வேண்டும் என்றார்.

கொளத்தூரில் மீன் தொட்டிக் கடை. கடைக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். நீலம் தூக்கலானது. வெள்ளை கலந்தது. கண் கூசுவது.

வாங்க வந்தவர் கண் கூசுவதைத்தான் கை காட்டினார்.

“வீட்டுத் தொட்டிக்கு இவ்ளோ பவர் எதுக்கு சார்?”

கைபேசியை நீட்டினார். படத்தில் தொட்டிக்குள் வளரும் ஓர் உயிர்ப் பவளம். விரல் விரலாகப் பச்சையாக இருந்தது. இப்போது நுனியெல்லாம் வெளுத்துவிட்டது.

மகள் வளர்த்தது. நாலு இருந்தன. மூன்று போய்விட்டன.

வெளிச்சம் போதவில்லை என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“டெய்லி எத்தன மணி நேரம் எரியுது?”

அவர் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“நைட்டு ஆஃப் பண்றீங்கல்ல சார்?”

மகள் கீர்த்தனாவைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது ஆவணியில். இது ஐப்பசி. அன்று அவள் அறையில் தொட்டியின் மேல் எரிந்துகொண்டிருந்த விளக்கை யாரும் அணைக்கவில்லை. பேசி வைத்துச் செய்ததல்ல. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் எரிந்தது.

ஹாலிலிருந்து பார்த்தால் கதவிடுக்கில் நீலமாகத் தெரியும்.

உள்ளே ஆள் இருப்பது போல.

“லைட்டு வேணாம் சார். டைமர் வாங்கிட்டுப் போங்க. அதுக்கும் இருட்டு வேணும். இப்டியே எரிஞ்சா இதுவும் போய்டும்.”

வீட்டில் மனைவி தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் சொன்னதைச் சொன்னார். சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார்.

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

டைமரில் செருகியதும் மறுபடி எரிந்தது. ஏழு மணிக்கு அணையும்படி வைத்தார்.

“கீர்த்துக்கு இருட்டுன்னா பயம்ங்க.”

“தெரியும்.”

இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். மகளின் போர்வை இன்னும் மடிக்காமல் கிடந்தது. அதன் மேல் படாமல் உட்கார்ந்தார்கள்.

ஏழு மணி.

டிக்.

தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

இருட்டில் அவள் கை தேடி வந்து அவர் சட்டையைப் பிடித்தது.

“காலைல தானா எரியுமா?”

“எரியும்.”

கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டாள்.