வேண்டிக்கொண்டவன்

அமுதினி இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

முடி எடுப்பவர் தண்ணீர்க் குவளையுடன் காத்திருந்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

நாலு வயது. மொட்டை போடும் மண்டபத்தையே நிறுத்திவைத்துவிட்டாள்.

அவனுக்குக் காது சூடானது. சிரிப்பும் வந்தது. மகளோடு வெளியே கிளம்பினால் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். இவள் கெட்டிமேளத்தையும் மீறி, "அந்த அக்காகிட்ட கேட்டாங்களா?" என்றாள். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்குத் தலைகுனிந்து நின்றவன், வீட்டுக்கு வந்ததும் நண்பர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

இன்று காலையிலும் மலைப்படி முழுவதையும் அவளேதான் ஏறினாள். தூக்க வந்தவனை, "உனக்கு மூச்சு வாங்குது, உக்காரு" என்று அதட்டி உட்காரவைத்தாள். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

தலைமுடி விஷயத்தில் அவள் இன்னும் கறார். இரட்டைக் குடுமியை அவளேதான் போட்டுக்கொள்வாள். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று பிடரிக்குப் பக்கத்தில். திருத்தப்போனால் வீடு ரெண்டுபட்டுவிடும்.

ஆனால் இது நேர்த்திக்கடன்.

குலதெய்வத்துக்கு முதல் மொட்டை ஒரு வயதில், தாய்மாமன் மடியில், தூக்கத்திலேயே முடிந்துவிட்டது. இது வேறு. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவன் வேண்டிக்கொண்டது. பிள்ளை பிழைத்தால் உன் மலைக்கு வந்து முடி இறக்குகிறேன், முருகா.

யாருடைய முடி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. பிள்ளைக்காக வேண்டிக்கொண்டால் பிள்ளைக்குத்தான் மொட்டை. ஊர் உலகத்தில் அப்படித்தான்.

முட்டி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னான். அவள் கவனமாகக் கேட்டாள். எதையும் கவனமாகத்தான் கேட்பாள், அதுதான் வம்பே.

"சாமிகிட்ட யாருப்பா கேட்டா?"

"அப்பாதான் கண்ணு."

"அப்ப உன் முடியக் குடு."

மண்டபமே சிரித்தது. தேங்காய்த் தட்டோடு நின்ற அவன் மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "பாப்பா கேக்குறது நியாயந்தானுங்களே" என்றார் முடி எடுப்பவர்.

அவன் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. அங்கே ஏற்கெனவே கொஞ்சம்தான் மிச்சம். இறக்கினால் திரும்ப முளைக்குமோ, முளைக்காதோ. திங்கட்கிழமை அலுவலகத்தில் ஆளாளுக்குக் கேட்பார்கள்.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். முகம் மலர்ந்தது. அப்பா ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தாள்.

தன் தலையிலிருந்து கைகளை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவன் பிடித்தான்.

இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து ஒரே கையில். மடியில் அழுத்தி, அவள் கால்களைத் தன் கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டான். "சீக்கிரம் எடுங்கண்ணா" என்றான்.

அவள் திமிறினாள். கடித்தாள். கத்தினாள்.

அப்பா, அப்பா என்றுதான் கத்தினாள். பிடித்திருப்பவனையே உதவிக்குக் கூப்பிட்டாள்.

பிறகு சட்டென்று நிறுத்திவிட்டாள்.

உடம்பு தளர்ந்துபோனது. முடி எடுப்பவர் திருப்பிய பக்கமெல்லாம் தலையைக் கொடுத்தாள். "இப்பதான் சமத்து" என்றது வரிசை.

மனைவி அவள் தலையில் சந்தனம் பூசினாள். குளிருதா என்று கேட்டாள். அமுதினி தரையில் கிடந்த தன் முடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டுமா என்று அவன் கேட்டான்.

"சரி" என்றாள்.

எந்த ஐஸ்கிரீம் என்று சொல்லவில்லை. எத்தனை என்று பேரம் பேசவில்லை. ஒரே ஒரு தடவை சரி என்று சொல்ல மாட்டாளா என்று இந்த நாலு வருடமும் அவன் ஏங்கியிருக்கிறான். அது இப்படி இருக்கும் என்று தெரியாது.

அவன் போய் இன்னொரு மொட்டை டிக்கெட் வாங்கினான். அதே பலகையில் உட்கார்ந்தான்.

"எனக்கும் எடுத்துடுங்க."

முதலிலேயே உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவுதான் அவள் கேட்டது. அவன் மொட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தானாகவே மடியில் ஏறியிருப்பாள். ஏறாமலும் போயிருக்கலாம். போனால்தான் என்ன. முருகன் கோபித்துக்கொள்ளவா போகிறான்.

தலையில் தண்ணீர் விழுந்தது. கத்தி இறங்கியது. அவள் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் தேடினான்.

அவள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அடுத்த பலகையில், அவளைவிடச் சின்னதாக ஒரு பெண் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பெற்றவர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள். அமுதினி மெல்ல அருகில் போனாள். குனிந்து அதன் கன்னத்தைத் தொட்டாள்.

"அழாத பாப்பா. அழுதாலும் விடமாட்டாங்க."

அவன் எழப்பார்த்தான்.

பிடரியில் இருந்த கை அழுத்தியது.

"பாதிதான் ஆகியிருக்கு" என்றார் முடி எடுப்பவர். "ஆடாம உக்காருங்க சார்."