காலைக் கடிக்காத ஜோடி

"இதுவும் சரிப்படலைங்க. குதிகால்ல கடிக்குது. அடுத்த கடையைப் பார்ப்போம்."

மனைவி சொன்னதும் கண்டக்டர் முகத்தைச் சுளித்தார். அலுப்பு மாதிரி தெரியட்டும் என்றுதான். உள்ளுக்குள் ஒரே கும்மாளம். வாயில் விசில் இருந்திருந்தால் இரண்டு ஊதி 'போலாம் ரைட்' கொடுத்திருப்பார். அடுத்த கடை என்றால் அடுத்த சோபா.

ஓடுகிற பஸ்ஸில் நின்றே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர் அவர். ஊருக்கெல்லாம் சீட் காட்டியவர், தான் உட்கார்ந்ததில்லை. அந்தக் கோபத்தை முழங்கால்கள் இப்போது காட்டிக்கொண்டிருந்தன.

சுற்றுலா கிளம்பும்போது மகள் ஒரு கைத்தடியை நீட்டினாள். "தடியா? இந்தக் காலாலேயே அந்த ஊரை அளந்துட்டு வரேன் பாரு" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். இன்று காலை அருங்காட்சியகப் படிக்கட்டிலேயே முழங்கால் மக்கர் பண்ணியது. மூச்சு விடவில்லை. தெரிந்தால் மனைவி பெட்டியைக் கட்டிவிடுவாள். வீடு, பிள்ளைகள், அடுப்பு என்றே கிடந்தவள் இப்போதுதான் முதல்முறையாக ஊர் பார்க்க வந்திருக்கிறாள். அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. வீறாப்பை விடவும் மனசு வரவில்லை, அது வேறு விஷயம்.

நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஒரு ஆசை வந்தது. புதுச் செருப்பு. நடக்கச் சுகமாகவும் இருக்க வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும்.

முதல் கடையின் சோபாவில் அவர் ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிட்டார். தட்டி எழுப்பி, ஒன்றும் சரியில்லை, வாங்க என்றாள்.

அப்புறம் பாலத்தைப் பார்த்தார்கள், ஒரு கடை. மணிக்கூண்டைப் பார்த்தார்கள், ஒரு கடை. ஒரு ஜோடி வழுக்கியது, ஒன்று பெரிசு, இன்னொன்று மாப்பிள்ளைச் செருப்பு மாதிரி இருந்ததாம். அவளோ சின்னப் பெண் மாதிரி துள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஊர் பார்க்கிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். கடைக்குக் கடை அவர் மடியில் வைத்த அவளுடைய கைப்பை, காலையில் இருந்ததைவிடக் கனத்தது. தண்ணீர் பாட்டில் வாங்கியிருப்பாள்.

அடுத்துப் போன நாலாவது கடையில்தான் ஆபத்து வந்தது. கண்ணாடி முன்னால் ஒரு ஜோடியோடு அவள் வெகுநேரம் நின்றாள்.

"இது எப்படிங்க இருக்கு?"

கண்டக்டர் அவசரமாக முந்திக்கொண்டார். "நல்லாவே இல்லை. கிழவி மாதிரி காட்டுது."

இதற்கு வழக்கமாக ஒரு சண்டை வர வேண்டும். "நீங்க சொன்னா சரி" என்று சமத்தாகக் கழற்றிவிட்டாள். தப்பித்தோம் என்று சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார்.

விற்பனைப் பெண் மெதுவாகக் கேட்பது காதில் விழுந்தது. "அம்மா, நீங்க போட்டுட்டு வந்ததே புத்தம் புதுசா, அழகா இருக்கே. அதை விட்டுட்டு வேற என்ன தேடறீங்க?"

"இது காலையில முதல் கடையிலயே வாங்கினதும்மா. பழசு பையில இருக்கு. அவர்தான் இன்னும் என் காலைப் பார்க்கலை." மனைவியின் குரல் இன்னும் தாழ்ந்தது. "அடுத்து கோட்டைக்குப் போகணும். போற வழியில, மெத்துமெத்துன்னு சோபா போட்ட செருப்புக் கடை ஏதாவது இருக்கா?"